வண்டியின் முதுகில் ஒரு சாய்ப்பு: எண்பது டாலர் மூடியின் நிகழ்வு ஆய்வு

பின்னால் திறந்த சரக்குத்தொட்டி உள்ள ஒரு பிக்கப் வண்டி, ஆறு மாத வேலை, எண்பது டாலருக்குள் ஒரு மூடி. இந்த ஆய்வின் எல்லை அவ்வளவுதான்.

வண்டிக்காரரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். தூத்துக்குடிக்காரர், ஆலைகளில் குழாய்ப் பற்றவைப்பை மேற்பார்வை செய்பவர். டெக்சாஸில் ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லேண்டில் வீடு. மீனாட்சி கோயில் இருக்கிற ஊர் என்றால் அமெரிக்கத் தமிழர்களுக்குப் புரியும். கடலோரம் ஃப்ரீபோர்ட்டில் ஒரு ரசாயன ஆலையின் பராமரிப்புப் பணிக்கு ஆறு மாத ஒப்பந்தம் கிடைத்தது. 288ஆம் எண் நெடுஞ்சாலையில் போக 45 மைல், வர 45 மைல். நாளுக்கு ஏறத்தாழ 145 கிலோமீட்டர். நடுத்தர அளவு வண்டி. பின்தொட்டி ஆறடி நீளம். லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது.

"தம்பி, தொட்டியை மூடினால் பெட்ரோல் மிச்சமாகுமாமே, உண்மையா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கேட்டார்.

"மூடுகிற விதத்தைப் பொறுத்தது அண்ணா" என்றேன். அந்த ஒரு பதிலுக்காக அடுத்த மூன்று வார இறுதிகளைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

கடையில் கண்ணாடியிழை மூடி கிடைக்கும். பெரும்பாலும் ஆயிரம் டாலரைத் தாண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் வண்டியை விற்றுவிடுவதாக இருந்ததால் அவ்வளவு பணம் போட அண்ணனுக்கு மனமில்லை. விற்கிற வண்டி என்பதால் தகட்டில் ஒரு துளைகூடப் போடக் கூடாது என்றார். பின்கதவு வழக்கம்போலத் திறக்க வேண்டும், ஒற்றை ஆளாகக் கால் மணி நேரத்தில் கழற்ற வேண்டும் என்பவை மற்ற நிபந்தனைகள். நான்காவது நிபந்தனையை நாங்கள் நினைத்துப் பார்க்கவே இல்லை. அது வண்டியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

திறந்த தொட்டியில் காற்று என்ன செய்கிறது

கூரையைத் தாண்டும் காற்று, மதகைத் தாண்டி விழும் தண்ணீரைப் போலத் தொட்டிக்குள் விழுகிறது. உள்ளே ஒரு பெரிய சுழல் உட்கார்ந்துகொண்டு உருண்டுகொண்டே இருக்கிறது. அந்தச் சுழலை உருட்டுவதற்கான செலவு என்ஜினிலிருந்துதான் போகிறது. பின்கதவு காற்றைத் தடுக்கும் சுவர், அதைத் திறந்து போட்டுக்கொண்டு ஓட்டினால் மிச்சம் என்று பலர் நம்புகிறார்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தைச் சேர்ந்த கெவின் கூப்பர் 2004இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு நேர்மாறாகச் சொன்னது. கதவு மூடியிருந்தால்தான் சுழல் தொட்டிக்குள் அடங்கி நிற்கிறது. திறந்தால் இழுவை, அதாவது காற்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசை, கூடுகிறது.

தொட்டியின் மேல் தட்டையாக ஒரு பலகை போட்டால் சுழல் வெளியேற்றப்படும், ஆனால் கூரையிலிருந்து பலகை வரை காற்று விழும் அந்த அரை மீட்டர் பள்ளம் அப்படியே இருக்கும். அதனால் தட்டை மூடியின் பலன் சிறியது. காற்றைக் கூரையிலிருந்து பின்கதவு வரை கையைப் பிடித்து இறக்கிவிட வேண்டும். நம் ஊர் வீடுகளில் சுவரிலிருந்து தாழ்வாரத்துக்குச் சாய்ப்பு இறக்குவார்களே, அதே வேலை.

எவ்வளவு சரிவில் இறக்கலாம் என்பதுதான் கேள்வி. இதற்கு 1984இல் வெளியான ஓர் ஆய்வில் அகமது என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு எளிய மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் (விசிறியால் காற்றை வேகமாக ஓடவிடும் சோதனைக் கூடத்தில்) வைத்துச் சோதித்தார்கள். செங்கல்லைப் போன்ற உடல், வட்டமான மூக்கு, பின்பக்கம் மட்டும் மாற்றக்கூடிய சாய்வு. சாய்வு 12 பாகையை ஒட்டியிருக்கையில் இழுவை மிகக் குறைவாக இருந்தது. அதைத் தாண்டியதும் ஏறத் தொடங்கியது. 30 பாகையில் உச்சம். காற்று மேற்பரப்பை விட்டுப் பிரிவதும், சாய்வின் இரு ஓரங்களிலும் கயிறு முறுக்கினாற்போல் சுழல்கள் கிளம்புவதும் காரணம். இன்றைக்கும் கார் வடிவமைப்பு படிக்கும் மாணவர்கள் அந்தச் செங்கல்லைக் கட்டி அழுகிறார்கள்.

அட்டையையும் மரச்சட்டத்தையும் வைத்து இதெல்லாம் ஆகிற காரியமா என்று அண்ணிக்குச் சந்தேகம். அவருக்கு நான் சொன்னது நாசாவின் செருப்புப்பெட்டி வண்டியைப் பற்றி. கலிபோர்னியா பாலைவனத்தில், எட்வர்ட்ஸ் விமானத் தளத்தில் இயங்கிய டிரைடன் ஆய்வு மையத்தில் எட்வின் சால்ட்ஸ்மன் என்றொரு பொறியாளர். சைக்கிளில் வேலைக்குப் போகும்போது, கடந்துபோகும் லாரிகள் முதலில் தன்னைத் தள்ளுவதையும் பிறகு இழுப்பதையும் கவனித்தார். 1970களில் அவருடைய குழு ஒரு பழைய வேனைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து, மூலைகள் எல்லாம் கூராக இருக்கும்படி ஒரு செருப்புப்பெட்டி வடிவத்தை உண்டாக்கியது. பிறகு மூலைகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தது. செங்குத்து விளிம்புகளை மட்டும் உருட்டியதில் இழுவை 40 சதவீதம் குறைந்தது. கிடை விளிம்புகளையும் உருட்டியதும் 54 சதவீதம். விமானம் பறக்கவிடுகிற இடத்தில் தகடு வெட்டி ஒட்டிக் கண்டுபிடித்த எண்கள் இவை. அவர்கள் அளந்த முறையும் எளிமையானது: வேகம் பிடித்து, கியரை விட்டு, வண்டி எவ்வளவு நேரத்தில் தளர்கிறது என்று பார்ப்பது. அதையே நாங்களும் செய்தோம்.

தார்ப்பாய், தோல்வி

முதல் முயற்சி ஐந்து டாலர் நீலத் தார்ப்பாய். கூரையோரத்திலிருந்து பின்கதவுக்கு இழுத்துக் கட்டினோம். தெருமுனை வரை அழகாகத்தான் இருந்தது. நாற்பது மைல் வேகத்தில் பூரி மாதிரி உப்பியது. அறுபதில் படபடவென்று அடிக்கத் தொடங்கி, அண்ணன் பயந்து ஓரங்கட்டினார். உப்பிய தார்ப்பாய் வண்டிக்குக் கூடுதல் திமில். படபடக்கும் தார்ப்பாயோ ஒவ்வொரு அடியிலும் என்ஜினின் சக்தியைத் தின்கிறது. மூடாமலே விட்டிருக்கலாம்.

அன்று இரவு நாமக்கல்லுக்குப் போன் செய்தேன். அப்பா முப்பது வருடம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் இருந்தவர். ஓட்டுநர்களோடு பழகித் தார்ப்பாய் கட்டுவதில் கை தேர்ந்தவர். நான் கோணம், சுழல் என்று அளந்துகொண்டிருந்ததைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "காற்று மேலே இருந்து அமுக்கும் என்று நினைத்துக்கொண்டு கட்டியிருக்கிறாய். ஓடுகிற வண்டியில் அது அமுக்காது, தூக்கும். முன்வாயை அடை. பின்வாயைக் கொஞ்சம் திறந்து விடு. உள்ளே போன காற்று வெளியேற வழி வேண்டாமா?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 70 மைல், அதாவது மணிக்கு ஏறத்தாழ 113 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம் (வேகமாக மோதுவதால் வரும் அழுத்தம்) சதுர மீட்டருக்கு 60 கிலோ எடைக்குச் சமம். சாய்வின் மேல் அதில் மூன்றில் ஒரு பங்குதான் உறிஞ்சலாக மாறுகிறது என்று வைத்துக்கொண்டால்கூட, இரண்டரைச் சதுர மீட்டர் மூடிக்கு 50 கிலோ. ஒரு சிமெண்டு மூட்டையைத் தூக்கும் விசை. முன்பக்க இடுக்கு வழியாகக் காற்று உள்ளே புகுந்தால் அது கீழேயிருந்தும் தள்ளும். வண்டிக்குப் பின்னால் எப்போதும் தாழ்ந்த அழுத்தம்தான் இருக்கும் என்பதால், பின்பக்கத்தில் ஓர் இடைவெளி விட்டால் உள் அழுத்தமும் இறங்கி, தூக்கும் விசை குறையும். அப்பா படிக்காத பாடம் இது. ஆனால் பட்டறையில் தெரிந்த பாடம்.

நான்காவது நிபந்தனை

மூடியைக் கூரை விளிம்பிலிருந்தே தொடங்குவதாகத்தான் வரைந்திருந்தேன். ஏணி போட்டு அளக்கும்போதுதான் கூரைக்குக் கீழே, பின்கண்ணாடிக்கு மேலே அந்தச் சிவப்பு விளக்கு கண்ணில் பட்டது. உயரத்தில் பொருத்தும் மூன்றாவது பிரேக் விளக்கு. அமெரிக்காவில் கார்களுக்கு 1986 மாடலிலிருந்தும், இப்படிப்பட்ட சிறு லாரிகளுக்கு 1994 மாடலிலிருந்தும் கட்டாயம். என் மூடி அதை முழுசாக மறைத்துவிடும். பின்னால் வருபவனுக்கு பிரேக் தெரியாமல் போவதற்கு எந்த மிச்சமும் ஈடாகாது.

ஆகவே மூடி விளக்குக்குக் கீழே, கூரை விளிம்பிலிருந்து 7 சென்டிமீட்டர் தாழ்வில் தொடங்கும்படி மாற்றினோம். காற்றுக்கு அது ஒரு படிக்கட்டு; கெடுதல்தான் என்று எரிச்சலோடுதான் மாற்றினேன். அளந்து பார்த்தபோது எரிச்சல் போய்விட்டது. கூரைக்கும் பின்கதவின் மேல்விளிம்புக்கும் உயர வேறுபாடு 50 சென்டிமீட்டர், தொட்டி நீளம் 183. நான் முதலில் வரைந்தபடி இறக்கியிருந்தால் சரிவு 15 பாகைக்கு மேல். விளக்குக்குக் கீழிருந்து இறக்கினால் 43 சென்டிமீட்டர்தான், 13 பாகை. சட்டத்துக்காக விட்டுக்கொடுத்தது கோணத்தைச் சரிசெய்துவிட்டது. படிக்கட்டைத் தாண்டி விழும் காற்று, படி உயரத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு தொலைவில் மறுபடி மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. எங்களுக்கு அது அரை மீட்டருக்குள் அடங்கும். மீதி ஒன்றேகால் மீட்டருக்கு மேல் சாய்வு காற்றுக்குக் கிடைக்கும்.

பின்கண்ணாடி முழுக்க மறைந்துவிடும் என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. டெக்சாஸ் சட்டப்படி ஓட்டுநருக்குக் கண்ணாடி வழியாக 200 அடி பின்னால் தெரிய வேண்டும். பக்கக் கண்ணாடிகள் போதும்.

கட்டிய விதம்

ஊரில் விளம்பரப் பலகைக்குப் பயன்படுத்துகிற சன்பேக் ஷீட்தான் மூலப்பொருள். இங்கே கோரோபிளாஸ்ட் என்பார்கள். இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வரிவரியாகக் குழல்கள். கத்தியால் வெட்டலாம், தண்ணீர் இறங்காது, நாலுக்கு எட்டடி தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கலாம். மூன்று தாள் வாங்கினோம். மரத்துக்கு மலிவான பைன் சட்டங்கள்.

துளை போடக் கூடாது என்ற நிபந்தனைக்குத் தொட்டியே விடை வைத்திருந்தது. பக்கச் சுவர்களின் மேல்விளிம்பில், கம்பம் நடுவதற்கென்றே சதுரத் துளைகள் உண்டு. அவற்றில் கட்டைகளை இறக்கி, ஆப்பு அடித்து இறுக்கினோம். முன் கட்டைகளின் தலையில் குறுக்கே ஓர் உத்தரம். அதிலிருந்து பின்னோக்கி மூன்று கைமரங்கள். மேலே ஒரு தாள், பக்கங்களில் முக்கோணமாக வெட்டிய இரண்டு துண்டுகள். கூரை வேலை தெரிந்த எவருக்கும் இது ஒரு மாலை நேரத்து வேலை. எங்களுக்கு ஒன்றரை நாள் ஆனது.

தாளின் குழல்கள் முன்பின்னாக ஓடும்படி வைத்தது நல்ல முடிவு. நீளவாக்கில் விறைப்பு கிடைத்தது. குறுக்கே மட்டும் தாள் வளைந்துகொடுத்ததால் இரு ஓரங்களையும் மெல்ல உருட்டிப் பக்கச் சுவர்மேல் இறக்க முடிந்தது. சால்ட்ஸ்மன் குழுவின் 40 சதவீதத்தை நினைத்துக்கொண்டுதான் உருட்டினேன். அது பெட்டி வடிவ வேனின் விளிம்புகளுக்கான எண், பின்சரிவின் ஓரத்துக்கு அதைக் கடன் வாங்க முடியாது. கூர் ஓரம் பார்க்க நன்றாக இல்லை என்பதும் உண்மை.

மூடியின் முன் ஓரத்துக்கும் வண்டியின் பின்சுவருக்கும் நடுவே நுரை ரப்பர் பட்டையை வைத்து நெருக்கினோம்: அப்பாவின் முன்வாய். பின் ஓரத்தைக் கதவுக்கு மேல் மூன்று விரல்கிடை இடைவெளியில் நிறுத்தினோம்: பின்வாய். கதவும் தடையில்லாமல் திறந்தது. மூடியும் சட்டமும் சேர்ந்து பதினொரு கிலோ தேறாது. அதைக் கீழே பிடித்து வைக்க, தொட்டிக்குள் இருக்கும் கொக்கிகளில் மாட்டி நான்கு ராட்செட் பெல்ட்கள் சட்டத்தை இழுத்தன.

தாளைச் சட்டத்தோடு சேர்ப்பதில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டினேன். ஒட்டுநாடா இந்தப் பிளாஸ்டிக்கில் நிற்காது என்பது தெரியும். பாலிப்ரோப்பிலீன் எந்தப் பசையையும் மதிக்காத பொருள். எனவே துளையிட்டு கேபிள் டை போட்டுக் கட்டிவிட்டேன். இருபத்துநான்கு கட்டு. கணக்குப்படி ஒவ்வொன்றும் இரண்டு கிலோ தாங்கினால் போதும். கேபிள் டை இருபது கிலோகூடத் தாங்கும். பத்து மடங்கு பாதுகாப்பு என்று அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன்.

மூலை எழுந்தது

ஆலைக்கு விடுமுறையான ஒரு சனிக்கிழமை காலை சோதனைக்குக் கிளம்பினோம். அண்ணன் பிக்கப்பில் முன்னால்; அண்ணி தன் காரை ஓட்ட நான் பக்கத்து இருக்கையில், கையில் கேமரா. ஆங்கிள்டன் தாண்டியதும் அண்ணன் வேகத்தை அறுபதுக்கு ஏற்றினார். மூடியின் இடது முன்மூலை முதலில் மெல்ல மூச்சு வாங்குவதைப் போல ஏறி இறங்கியது. பிறகு நடுங்கியது. எதிரேயிருந்த பாதையில் பெரிய டேங்கர் ஒன்று கடந்த நொடியில், அந்த மூலை ஒரு சாண் உயரத்துக்கு எழுந்து நின்றது.

"ஐயோ, பறந்துவிடப் போகிறது" என்று அண்ணி ஹாரனை அழுத்தினார். அண்ணன் ஓரங்கட்டினார். நாங்கள் பின்னால் நிறுத்தி ஓடிப்போய்ப் பார்த்தோம்.

ஒரு கேபிள் டைகூட அறுபடவில்லை. எல்லாம் சட்டத்தில் அப்படியே வளையமாக நின்றன. அறுந்தது தாள்தான். சோப்புக்கட்டியை நூலால் அறுப்பதைப் போல, ஒவ்வொரு கட்டும் தன் துளையிலிருந்து ஓரம் வரை தாளைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தது. நான் கட்டின் வலிமையைக் கணக்கிட்டேன், கட்டப்படுகிற பொருளின் வலிமையைக் கணக்கிடவில்லை. விசை தாள் முழுக்கச் சமமாகப் பரவும் என்ற ஊகமும் தவறு. உறிஞ்சல் மிகுந்திருப்பது முன்மூலைகளில்தான். நுரைப் பட்டை அந்த மூலையில் சற்று விலகியிருந்தது. அந்த இடுக்கு வழியே காற்று உள்ளே போய் வேலையை முடித்திருந்தது.

அந்தத் தாள் கழன்று பின்னால் வந்த ஒரு மோட்டார் சைக்கிள்காரர் மேல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்று மூவரும் வாய்விட்டுப் பேசவில்லை. மூடியைக் கழற்றித் தொட்டிக்குள் படுக்கவைத்துக் கட்டிக்கொண்டு திரும்பினோம். இந்த ஆய்வைப் படித்துவிட்டு யாராவது செய்து பார்க்கப் புறப்பட்டால், மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம்.

அடுத்த வாரம் மூன்றாவது தாளை எடுத்தோம். இந்த முறை தாளைச் சட்டத்துக்கும் அதன்மேல் வைத்த ஒரு மெல்லிய மரப்பட்டைக்கும் நடுவே கொடுத்து, பட்டையோடு சேர்த்து போல்ட் போட்டு, அகல வாஷர் வைத்து முடுக்கினோம். ஓலைக் கூரைமேல் மூங்கில் பிளாச்சு வைத்துக் கட்டுவதைப் போலத்தான். விசை துளையில் குவியாமல் பட்டை நீளத்துக்கும் பரவியது. முன் ஓரத்தில் மட்டும் சாண் இடைவெளியில் போல்ட். எல்லாவற்றுக்கும் மேலே, தற்காப்பாக, மூடியின் குறுக்கே இரண்டு பெல்ட்கள். அவை காற்றில் சிறிது இழுவையைக் கூட்டத்தான் செய்யும். கூட்டட்டும்.

அதோடு முடியவில்லை. ஜூலை வெயிலில் ஆலை வாசலில் நின்ற வண்டியின் மூடி நண்பகலில் அப்பளம்போல் நெளிந்திருப்பதாக அண்ணன் படம் அனுப்பினார். இந்தப் பிளாஸ்டிக் வெப்பத்தில் நன்றாக நீளும். 40 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஆறடித் தாள் ஏழெட்டு மில்லிமீட்டர் கூடும். போல்ட் துளைகளை நீள்வட்டமாக்கி, பின் வரிசை போல்ட்களைச் சற்றே தளர்த்தியதும் நெளிவு நின்றது.

கம்பளி நூல் சொன்னது

காற்றைப் பார்க்க முடியாது, நூலைப் பார்க்கலாம். சிவப்புக் கம்பளி நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, ஊசியால் தாளில் கோத்து உள்பக்கம் முடிச்சுப் போட்டு, வரிசைக்கு ஏழாக ஐந்து வரிசை விட்டோம். மறுபடி அண்ணியின் கார், மறுபடி நான்.

படிக்கட்டை ஒட்டிய முதல் வரிசை பைத்தியம் பிடித்ததைப் போல ஆடியது. சில நூல்கள் முன்பக்கமாகவே திரும்பி நின்றன. வண்டி எழுபதில் ஓட, அங்கே காற்று எதிர்த்திசையில் ஊர்ந்துகொண்டிருந்தது. அரை மீட்டர் தள்ளியிருந்த இரண்டாவது வரிசையில் நடு நூல்கள் துடித்துக்கொண்டே படுத்தன. மூன்றிலிருந்து ஐந்து வரை, எண்ணெய் தடவி வாரிய தலைமுடி. பாடப்புத்தகக் கணக்கு காற்றுச் சுரங்கத்தில் அல்ல, 288ஆம் சாலையில் கண்முன்னே நடந்தது. ஓரத்து நூல்கள் மட்டும் கடைசி வரை சுழன்றாடின, கடற்காற்று வீசிய பக்கத்தில் இன்னும் அதிகமாக. அகமதின் செங்கல்லில் கிளம்பிய அதே ஓரச் சுழல்.

அண்ணி ஒரு கேள்வி கேட்டார்: "அப்படியானால் அந்த விளக்கை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டால் முதல் வரிசையும் படுத்துவிடுமா?" படுக்கலாம். ஆனால் அப்போது கோணம் கூடி, கடைசி வரிசை எழுந்துவிடக்கூடும்.

தளர்வுச் சோதனைக்கு பிரசோரியா கவுண்டியில் ஆளரவமற்ற ஒரு பண்ணைச் சாலை கிடைத்தது. கடற்கரைச் சமவெளி, மேடுபள்ளம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஞாயிறு விடியலில், காற்று எழுவதற்கு முன், 60 மைலிலிருந்து 45 மைலுக்குத் தளர எடுக்கும் நேரத்தை இரு திசையிலும் மாற்றி மாற்றி அளந்தோம். மூடியில்லாமல் 21 வினாடிக்கும் 22க்கும் இடையே. மூடியோடு 23ஐ ஒட்டி. ஒன்றரை வினாடிக்குக் குறைவான வேறுபாடு. கைக்கடிகாரத்தில் அழுத்துகிற பிழையே கால் வினாடி வரும் என்பதால், இதிலிருந்து தசம எண் பிழிவது அபத்தம். காற்று இழுவை பத்து சதவீதத்தை ஒட்டிக் குறைந்திருக்கும் என்று மட்டும் சொல்லலாம்.

பெட்ரோல் கணக்கு இன்னும் முரண்டு பிடித்தது. போக்குவரத்து நெரிசல், எதிர்காற்று, ஏசி, பம்ப்பில் நிரப்பும் அளவு என்று வாரத்துக்கு வாரம் ஆட்டம். முழுக் காலத்தையும் கூட்டிப் பார்த்தபோது லிட்டருக்கு 8 கிலோமீட்டர் 8.4 ஆகியிருந்தது. ஐந்து சதவீதம்.

எதிர்பார்த்ததும் அதுதான். எழுபது மைல் வேகத்தில் இந்த மாதிரி வண்டியைப் பிடித்து இழுப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கு காற்று. கால் பங்கு டயர். முக்காலில் பத்து சதவீதம் குறைந்தால் மொத்தத்தில் ஏழரை. என்ஜினின் உள்ளுராய்வு, ஊருக்குள் ஓடும் தூரம் இவற்றைக் கழித்தால் ஐந்து.

பதின்மூன்று டாலர்

வாரத்துக்கு 725 கிலோமீட்டர், 90 லிட்டர். ஐந்து சதவீதம் நாலரை லிட்டர், ஒன்றேகால் கேலனுக்குச் சற்றுக் குறைவு. கேலன் மூன்று டாலர் என்று வைத்தால் வாரம் 3 டாலர் 60 சென்ட். இருபத்தாறு வாரத்துக்கு 93 டாலர். செலவு, கிழிந்த தாளையும் சேர்த்து, 80. நிகர லாபம் 13 டாலர். அண்ணனுடைய ஆறு நாள், என்னுடைய ஆறு நாள், அண்ணியின் காருக்கான பெட்ரோல் ஆகியவை கணக்கில் சேரவில்லை. அண்ணி இதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

இன்னொரு கணக்கும் உண்டு. அதைச் சொன்னபோது அண்ணனுக்குக் கோபம் வந்தது. இழுவை வேகத்தின் இருமடியில் ஏறும். எழுபதுக்குப் பதில் அறுபத்தைந்தில் ஓட்டினால் காற்று இழுவை 14 சதவீதம் குறையும். எங்கள் மூடி கொடுத்ததைவிட அதிகம், செலவு சுழியம். 45 மைல் பயணத்தில் கூடுவது மூன்று நிமிடம்.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே தம்பி?"

"சொன்னால் அறுபத்தைந்தில் ஓட்டுவீர்களா அண்ணா?"

அவர் பதில் சொல்லவில்லை. எழுபதில்தான் ஓட்டினார்.

ஆனால் மூடி வேண்டாம் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. ஹூஸ்டன் பக்கத்து மாலை மழை திடீரென்று கொட்டும். அவருடைய கருவிப் பெட்டிகள் ஆறு மாதமும் நனையவில்லை. நெடுஞ்சாலையில் பின்கண்ணாடி வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த உறுமல் அடங்கிவிட்டதாகவும் சொன்னார். அளக்க என்னிடம் கருவி இல்லை. அவர் காதை நம்புகிறேன். மின்சாரப் பிக்கப்புகளில் இந்த மூடி ஆலையிலிருந்தே வரத் தொடங்கியிருக்கிறது. 2023 கடைசியில் விற்பனைக்கு வந்த டெஸ்லா சைபர்டிரக்கின் முதுகில் கூரையிலிருந்து வால்வரை இறங்கும் மூடிக்கோடு எங்கள் சாய்ப்பின் கோடுதான். பேட்டரி வண்டிக்கு ஒவ்வொரு சதவீதமும் தூரக் கணக்கு. எங்களுக்கு அது காபிக் காசு.

ஒரே ஒரு நீண்ட பயணத்துக்காக இதைக் கட்டலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஆயிரம் மைலுக்கு இதே வண்டியில் மிச்சம் எட்டு டாலர். கட்ட வேண்டாம், சாமானை நனையாமல் சுற்றி, பின்கதவை மூடிவிட்டுப் போங்கள் என்றேன். தினமும் நெடுஞ்சாலையில் நூறு மைலுக்கு மேல் ஓட்டி, ஒரு வருடமாவது வண்டியை வைத்திருப்பவருக்கு மட்டும் கணக்கு ஒத்துவரும். அதற்குள் டெக்சாஸ் வெயில் தாளை மொறுமொறுப்பாக்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆறாவது மாதத்தில் எங்கள் தாளின் மேல்பக்கம் வெளுத்து, ஓரங்களில் விரலால் அழுத்தினால் விரிசல் விட்டது.

நவம்பர் கடைசியில் ஒப்பந்தம் முடிந்தது. மூடியைக் கழற்ற அண்ணனுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அந்த நிபந்தனை தேறியது. தொட்டி விளிம்பில் கட்டைகள் இறங்கிய இடத்தில் லேசான கீறல். வாங்க வந்தவர் அதைக் கவனிக்கவில்லை. ஜனவரியில் உறைபனி எச்சரிக்கை வந்த இரவு, அண்ணி அந்த இரண்டு முக்கோணத் துண்டுகளையும் கொல்லைக் கறிவேப்பிலைச் செடியின் இருபுறமும் சாய்த்து வைத்து, மேலே பெரிய தாளைப் போட்டு, அண்ணனின் ராட்செட் பெல்ட்டால் ஒரு சுற்று இறுக்கியிருந்தார். வடக்குப் பக்கம் தரையோடு தரையாக அடைத்து, தெற்கே மூன்று விரல்கிடை திறந்து விட்டிருந்தார். தாளில் சிவப்பு நூல்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன.